இருவர்க்கிடையே மூன்றாமவர்: மணவாழ்வு ஆலோசகர்க்கான பட்டப்பின் பயிற்சி – ஒரு வரலாற்று நோக்கு

கணவனுக்கும் மனைவிக்குமிடையே பிணக்கு எழுங்கால் அதனைத் தீர்த்துவைக்க மூன்றாமவர் ஒருவரை நாடுதல் மிகப் பழைய வழக்கமாகும். தொல்காப்பியக் கற்பியல் இத்தகையோரை ‘வாயில்கள்’ எனப் பெயரிட்டுப் பன்னிரு வகையினராக வகுத்துள்ளது. தோழியும் பாணனும் விறலியும் அறிவரும் அவருள் அடங்குவர். இவர்க்கு அவ்வுரிமையை நல்கியது கல்வித் தகைமை அன்று. உறவு, நட்பு, வயது, சொல்வன்மை என்பனவே. மிக அண்மைக் காலம் வரை உலகின் பல பாகங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவாகவே இருந்தது. உறவினரும் மதகுருவும் குடும்ப வைத்தியரும் இருவர்க்கிடையே நின்று பேசினர்.

இருபதாம் நூற்றாண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் இந்நிலை மாறிற்று. இன்று அந்நாட்டில் மணவாழ்வு, குடும்ப உளச்சிகிச்சையாளர் என்ற பெயரிற் பணியாற்ற விரும்பும் ஒருவர் முதுமாணிப் பட்டமேனும் பெறல் வேண்டும். பயிற்சிக் காலத்திற் பல நூறு மணிநேரம் மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றல் வேண்டும். பட்டம் பெற்ற பின்னரும் மேற்பார்வையுடன் கூடிய பணியனுபவம், பரீட்சை ஆகியவற்றைக் கடந்தே மாநில அரசின் அனுமதிப்பத்திரத்தைப் பெறல் இயலும். தோழியும் அறிவரும் ஆற்றிய பணிக்குப் பட்டம் எவ்வாறு தேவையாயிற்று? அப்பட்டம் சமுதாயத்திற்கு எதனைக் கொடுத்தது? எதனை இழக்கச் செய்தது? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டமில்லா நிபுணர்

மணவாழ்வு ஆலோசனை அமெரிக்காவில் ஒரு தனித்தொழிலாக உருப்பெறத் தொடங்கிய காலம் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளாகும். நகரங்களின் பெருக்கம், பெண்கள் வாக்குரிமை பெற்றமை (1920), கருத்தடை இயக்கத்தின் பரவல், உயர்ந்துவந்த மணமுறிவு வீதம் என்பன பழைய குடும்ப அமைப்பினை அசைத்திருந்தன. சுற்றத்தாரை விட்டு நெடுந்தொலைவிற் குடியேறிய இளந்தம்பதியர்க்குப் பழைய வாயில்கள் அடைபட்டுப் போயின எனலாம்.

அவ்விடத்தை நிரப்ப முன்வந்தோர் பல துறையினர். நியூயோர்க் நகரில் மருத்துவர்களாகிய ஹனா ஸ்டோன், ஏபிரகாம் ஸ்டோன் தம்பதியர் கருத்தடைப் பணியின் வழியே இத்துறைக்கு வந்தனர். பிலடெல்பியாவில் எமிலி மட் என்பவர் 1930களின் தொடக்கத்தில் மணவாழ்வு ஆலோசனை மன்றமொன்றினை உருவாக்கினார். சமூகவியலாளராகிய ஏர்னஸ்ட் குரோவ்ஸ் 1920களின் பிற்பகுதியில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மணவாழ்வு பற்றிய பாடநெறியைக் கற்பித்தார். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே போல் பொப்பினோ 1930 இல் அமெரிக்கக் குடும்ப உறவுகள் நிறுவகத்தை நிறுவினார்.

இவர்களுட் பொப்பினோவின் வரலாறு தனித்து நோக்கற்பாலது. பரம்பரையியல் பற்றிய சஞ்சிகையொன்றின் ஆசிரியராக விளங்கிய இவர், இனமேம்பாட்டியல் எனப்பட்ட கொள்கையின் முன்னணிப் பிரசாரகராவர். தகுதியுடையோர் எனக் கருதப்பட்டோர் மணந்து பிள்ளைகளைப் பெருக்கல் வேண்டும், தகுதியற்றோர் எனக் கருதப்பட்டோர் பிள்ளைப்பேறின்றி ஒழிதல் வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம். அதனை விளக்கும் பாடநூலொன்றினை இவர் 1918 இல் இன்னொருவருடன் இணைந்து வெளியிட்டார். கட்டாயக் கருவள நீக்கத்தை ஆதரித்து மற்றொரு நூலினை 1929 இல் கூட்டாக எழுதினார். கலிபோர்னியாவில் 1909 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், காலப்போக்கில் ஏறத்தாழ 20,000 பேர் இவ்வாறு கருவளம் நீக்கப்பட்டனர் என்பதை இங்கு மனங்கொளல் வேண்டும். பொப்பினோவின் நோக்கிலே இவ்விரண்டும் ஒரே பணியின் இரு பக்கங்கள். ஒரு சாராரின் பிறப்பைத் தடுத்தல் ஒரு பக்கம். மற்றொரு சாராரின் மணவாழ்வைக் காத்தல் மறுபக்கம்.

பொப்பினோ கற்றுப் பெற்ற பட்டம் ஒன்றேனும் உடையவரல்லர். கல்லூரியொன்று வழங்கிய கௌரவக் கலாநிதிப் பட்டமே அவரைப் பொதுமக்கள் மத்தியில் ‘டொக்டர்’ ஆக்கிற்று. பெண்கள் சஞ்சிகையொன்றில் 1953 முதல் அவருடைய நிறுவகத்தின் அனுபவங்களை அடிப்படையாகக் கொண்டு வெளிவந்த தொடர்பகுதி அவர் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. அறிவியலின் பெயரால், எவரது கண்காணிப்புமின்றி, ஒருவர் பல்லாயிரம் குடும்பங்களின் அந்தரங்கத்தினுள் நுழைதல் கூடும் என்பதற்கு அவர் சான்றாவார். ‘நீ எந்த உரிமையாற் பேசுகின்றாய்?’ என்ற வினா இத்தொழிலின் பிறப்போடு பிறந்ததெனலாம். பட்டப்பின் பயிற்சியின் வரலாறு அவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறேயாகும்.

சங்கமும் நியமங்களும்

முதல் விடை தொழிற் சங்கமாக அமைந்தது. 1942 இல் அமெரிக்க மணவாழ்வு ஆலோசகர் சங்கம் உருவாயிற்று. மருத்துவர், சமூகவியலாளர், சமூக சேவையாளர் எனப் பல துறையினர் இதிற் கூடினர். இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர் அவசர மணங்கள் பல முறிந்தன. 1946 ஆம் ஆண்டில் மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மணமுறிவுகள் அந்நாட்டில் நிகழ்ந்தன. ஆலோசகர்க்கான தேவை பெருகவே, போலிகளும் பெருகினர். விளம்பரப் பலகை ஒன்றினைத் தொங்கவிட்ட எவரும் ஆலோசகராதல் கூடுமென்ற நிலையில், ஆலோசகர்க்குரிய தகைமை யாது என வரையறுக்கும் முயற்சியிற் சங்கம் 1940களின் இறுதியில் இறங்கியது.

பிலடெல்பியா மன்றமும் டெட்ரொயிட் நகரின் மெரில்-பாமர் பாடசாலையும் பயிற்சி நெறிகளை நடத்திய முன்னோடி நிலையங்களாகும். இக்காலப் பயிற்சியின் இயல்பு கவனிக்கத்தக்கது. மணவாழ்வு ஆலோசனை அப்பொழுது முதற்றொழிலாகக் கருதப்படவில்லை. ஏலவே மருத்துவராகவோ, சமூக சேவையாளராகவோ, மதகுருவாகவோ தகைமை பெற்ற ஒருவர் மேலதிகமாகக் கற்கும் திறனாகவே அது கருதப்பட்டது. பட்டப்பின் பயிற்சி என்பது இங்கு சொல்லின் நேர்பொருளிலேயே அமைந்தது. பட்டம் ஒரு துறையினது. அதன் பின்னரான பயிற்சி மற்றொரு துறையினது.

எமிலி மட்டின் வாழ்க்கை இம்மாற்றத்தின் சுருக்கம் போன்றது. இளமையில் நிலத்தோற்ற வடிவமைப்பினைப் பயின்ற இவர், மன்றத்தைத் தொடங்கிய பின்னரே சமூக சேவையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டம் பெற்றது அதற்கும் பிந்தியே. 1950களில் அவரது மன்றம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவத் துறையுடன் இணைக்கப்பெற்றது. 1956 இல் அப்பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதற் பெண் முழுநிலைப் பேராசிரியராக அவர் நியமனம் பெற்றார். முதலிற் பணி, பின்னர் பயிற்சி, இறுதியிற் பட்டம் என்ற வரிசை அவர் வாழ்விலே தெளிவாகப் புலனாகின்றது. அவருக்குப் பின் வந்தோர்க்கோ அவ்வரிசை தலைகீழாயிற்று.

பிரித்தானியா தெரிந்த வழி

பட்டம் ஒன்றே வழி என்பதற்கில்லை. அதே காலத்திற் பிரித்தானியா வேறு வழியினைத் தெரிந்தது. 1938 இல் அங்கு தோன்றிய மணவாழ்வு வழிகாட்டல் மன்றம், போருக்குப் பின் நாடளாவிய அமைப்பாக வளர்ந்தது. டெனிங் பிரபுவின் பெயரால் அறியப்படும் குழு 1947 இல் இத்தகைய பணிக்கு அரசு உதவ வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆயினும் மன்றம் நம்பியது பட்டதாரிகளை அன்று, தொண்டர்களை. இல்லத்தரசியரும் ஆசிரியரும் பிறரும் விண்ணப்பித்தனர். அவர்தம் மனப்பாங்கு கவனமாகப் பரிசோதிக்கப்பட்டுத் தகுந்தோர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்க்குப் பகுதிநேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அமெரிக்கர் ‘இவர் என்ன கற்றார்?’ என வினவினர். பிரித்தானியரோ ‘இவர் எத்தகைய மனிதர்?’ என வினவினர் எனச் சுருக்கிக் கூறலாம். பிரித்தானிய மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகிய டேவிட் மேஸ் 1949 இல் அமெரிக்கா சென்று, 1960களில் தம் மனைவி வேராவுடன் அங்குள்ள சங்கத்தின் நிருவாகப் பொறுப்பினை ஏற்றார். இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதன அல்ல என்பதற்கு இது சான்றாகும்.

கண்ணாடிக்குப் பின்னால்

1950களிலே இன்னொரு நீரோட்டம் தோன்றிற்று. அது குடும்ப உளச்சிகிச்சை எனப்பட்டது. இதன் பிறப்பிடம் மணவாழ்வு ஆலோசனை நிலையமன்று, உளநோயாளர் மருத்துவமனையாகும். கலிபோர்னியாவிலுள்ள பாலோ அல்ரோ நகரில் மானிடவியலாளரான கிறெகரி பேற்சன் தலைமையில் ஜே ஹேலி, ஜோன் வீக்லண்ட், உளமருத்துவரான டொன் ஜக்சன் ஆகியோர் உளப்பிளவு நோயாளரின் குடும்பங்களில் நிகழும் பேச்சினை ஆராய்ந்தனர். 1956 இல் இவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளுக்குள் அகப்பட்டுத் தப்ப வழியின்றித் தவிக்கும் நிலையினை ‘இரட்டைக் கட்டு’ என விளக்கியது. நோய் தனிமனிதருக்குள் அன்றி மனிதருக்கிடையே உள்ளது என்ற இந்நோக்கு, சிகிச்சையின் அலகினைத் தனியாளிலிருந்து குடும்பத்திற்கு மாற்றிற்று. 1958 இல் ஜக்சன் அந்நகரில் உளநல ஆராய்ச்சி நிறுவகத்தை நிறுவினார். அங்கு சமூக சேவையாளரான வேர்ஜீனியா சட்டீர் குடும்ப உளச்சிகிச்சைக்கான பயிற்சி நெறியினை நடத்தினார். நியூயோர்க்கில் நேதன் அக்கர்மன் 1960 இல் குடும்ப நிறுவகமொன்றினைத் தொடங்கினார்.

இவை யாவும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திற்கு வெளியே எழுந்த நிறுவகங்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பயிற்சி வரலாற்றிலே இவற்றின் தலையாய பங்களிப்பு ஒரு கோட்பாடன்று, ஒரு கண்ணாடி. ஒரு பக்கமிருந்து மட்டும் ஊடுருவிப் பார்க்கத்தக்க கண்ணாடிச் சுவரின் முன்னே பயிலுநர் குடும்பத்துடன் அமர்ந்து உரையாடுவார். பின்னேயுள்ள இருட்டறையில் ஆசிரியரும் சகமாணவரும் அமர்ந்து நோக்குவர். குடும்பத்தினர்க்கும் இது தெரிவிக்கப்படும். தேவையேற்படின் ஆசிரியர் தொலைபேசி மூலம் உள்ளேயிருக்கும் பயிலுநருக்கு அறிவுறுத்துவார்.

இதன் முக்கியத்துவத்தை உணரப் பழைய முறையினை நோக்குதல் தகும். அதுவரை உளச்சிகிச்சையின் பயிற்சி மூடிய அறையினுள் நிகழ்ந்தது. பயிலுநர் தாம் செய்ததைப் பின்னர் நினைவிலிருந்து ஆசிரியருக்கு எடுத்துரைப்பார். அவர் மறந்ததும் மறைத்ததும் ஆசிரியருக்குத் தெரியமாட்டா. கண்ணாடி இந்நிலையை மாற்றிற்று. ஆலோசகர் என்ன சொன்னதாகக் கூறுகின்றார் என்பதன்றி, உண்மையில் என்ன சொன்னார் என்பதே படிப்பிற்குரிய பொருளாயிற்று. பொப்பினோவின் காலத்திற் குடும்பம் மட்டுமே ஆராயப்பட்டது. கண்ணாடியின் காலத்தில் ஆலோசகரும் ஆராயப்பட்டார்.

வேறொரு வகையிலும் ஆலோசகர் ஆராய்வுக்குட்பட்டார். ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மறே போவன், பயிலுநர் தத்தம் சொந்தக் குடும்பத்திற்கே திரும்பிச் சென்று, அங்கு தாம் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என அவதானித்தலைப் பயிற்சியின் நடுநாயகமாக்கினார். தன் தந்தையோடு அமைதியாகப் பேசவியலாத ஒருவர் பிறர் தந்தையரை எவ்வாறு எதிர்கொள்வார் என்பது அதன் அடிப்படை. மூன்று தலைமுறைகளின் உறவுகளை வரைபடமாக்கும் வழக்கம் இம்மரபிலிருந்தே பரவிற்று.

பிலடெல்பியாப் பரிசோதனை

இவ்வரலாற்றின் மிக நுட்பமான கட்டம் 1960களின் இறுதியில் மீண்டும் பிலடெல்பியாவில் நிகழ்ந்தது. ஆர்ஜென்ரீனாவிற் பிறந்த உளமருத்துவரான சல்வடோர் மினூச்சின், நியூயோர்க்கிலே வறிய சிறுவர்க்கான வில்ற்விக் பாடசாலையிற் பணியாற்றியவர். உயர்தர வகுப்பினர்க்காக உருவான பேச்சு முறைச் சிகிச்சை சேரிவாழ் குடும்பங்களுக்குப் பயன்படவில்லை என்பதை அங்கு அவர் கண்டார். 1967 இற் கூட்டாக வெளியிட்ட நூல் அவ்வனுபவத்தின் பேறாகும். 1965 இற் பிலடெல்பியாச் சிறுவர் வழிகாட்டல் நிலையத்தின் பணிப்பாளரான அவர், ஹேலியையும் பிரோலியோ மொந்தல்வோவையும் துணைக்கொண்டு ஒரு துணிகரச் செயலைச் செய்தார். பல்கலைக்கழகப் படியினை மிதியாத, அவ்வறிய சமூகங்களையே சேர்ந்த ஆண்களையும் பெண்களையும் குடும்ப உளச்சிகிச்சையாளராகப் பயிற்றினார்.

முறை எளிது, உழைப்போ கடினம். அவர்கட்கு நீண்ட விரிவுரைகள் அளிக்கப்படவில்லை. தொடக்கம் முதலே அவர்கள் குடும்பங்களைச் சந்தித்தனர். ஒவ்வொரு சந்திப்பும் கண்ணாடிக்குப் பின்னிருந்து மேற்பார்வை செய்யப்பட்டது. ஒளிப்பதிவு நாடாக்கள் மீள மீள ஆராயப்பட்டன. குறித்த சமூகத்தின் பேச்சும் வறுமையும் மானவுணர்வும் அவர்கட்குப் புதியன அல்ல. ஹேலி தாமும் தொடர்பாடற்றுறையிற் பட்டம் பெற்றவரேயன்றி உளமருத்துவம் பயின்றவரல்லர். திறமை பட்டத்தின் வழி வருவதன்று, கண்காணிக்கப்பட்ட பணியின் வழி வருவது என்ற அவரது நம்பிக்கைக்கு இம்முயற்சி வலுவூட்டிற்று. இப்பயிற்சிநெறி நீடித்து நிலைபெறவில்லை. ஆயின் அதற்கென வகுக்கப்பட்ட நேரடி மேற்பார்வை முறை பட்டப்பின் பயிற்சிக்கூடங்களெங்கும் பரவிற்று. பட்டமில்லாதாரைப் பயிற்றக் கண்ட முறை பட்டதாரிகளுக்குரிய முறையாயிற்று. பட்டமில்லாதாரோ வெளியில் நின்றனர்.

சட்டமும் பல்கலைக்கழகமும்

அவர்கள் வெளியில் நின்றமைக்குச் சட்டமே பெருங்காரணம். 1963 இற் கலிபோர்னியா, மணவாழ்வு ஆலோசகர்க்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. போலிகளிடமிருந்து மக்களைக் காத்தலே அதன் வெளிப்படையான நோக்கம். ஆயின் ஒரு சட்டம் நல்ல மனத்தை அளந்தறிய இயலாது; நுண்ணுணர்வைப் பரீட்சிக்க இயலாது. அதனாற் காணக்கூடியது பட்டச் சான்றிதழையும் மணிக்கணக்கினையுமே. எனவே முதுமாணிப் பட்டம் தகைமையின் எல்லைக்கோடாயிற்று. 1968 இல் நியூ ஜேர்சியும் தொடர்ந்து பிற மாநிலங்களும் இவ்வழி சென்றன. 2009 இல் ஐம்பது மாநிலங்களும் இத்தொழிலைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் நிலை எய்தப்பட்டது.

சங்கமும் இதற்கேற்ப மாறிற்று. 1970 இற் ‘குடும்பம்’ என்ற சொல் அதன் பெயருள் இடம்பெற்றது. அப்பத்தாண்டின் முடிவில் ‘ஆலோசகர்’ போய்ச் ‘சிகிச்சை’ வந்தது. 1970 இல் ஆயிரத்துக்கும் குறைவாயிருந்த அங்கத்தவர் தொகை பத்தாண்டுகளுள் ஏழாயிரத்தைத் தாண்டிற்று. பயிற்சி நெறிகளைப் பரிசீலித்து ஏற்பளிக்கும் சங்கத்தின் குழுவினை 1978 இல் மத்திய அரசின் சுகாதார, கல்வி, நலத்துறைத் திணைக்களம் அங்கீகரித்தது. இதன் பின்னர் மணவாழ்வு, குடும்ப உளச்சிகிச்சை மற்றொரு தொழிலின் மேற் போர்த்தப்படும் பயிற்சியாக அன்றி, தனித்த பட்டத்தையுடைய தனித்த தொழிலாக நிலைபெற்றது. நீண்ட காலமாக இந்நெறிகள் மாணவரிடம் எதிர்பார்த்தது 500 மணிநேர நேரடிப் பணியாகும். அதிற் கணிசமான பங்கு தம்பதியரோடோ குடும்பத்தோடோ ஆற்றப்படல் வேண்டும். கண்ணாடி, ஒளிப்பதிவு என்பவற்றின் வழியான மேற்பார்வை இதற்குள் அடங்கிற்று. நிறுவகங்களிற் பிறந்த கண்ணாடி, இவ்வாறு பல்கலைக்கழகத்தின் சுவரிற் பொருத்தப்பட்டது.

பொருளாதாரக் காரணியையும் நாம் மறத்தலாகாது. அனுமதிப்பத்திரம் பெற்றவர்க்கே காப்புறுதி நிறுவனங்கள் பணம் வழங்கும். முதியோர்க்கான அரச மருத்துவக் காப்புறுதித் திட்டம் இத்தொழிலாளரை 2024 ஆம் ஆண்டு தொடக்கமே ஏற்றுக்கொண்டது. பட்டத்துக்கான நெடும்போராட்டத்திற் பொதுநலமும் தொழில்நலமும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்திருந்தன என்பதே உண்மை.

பட்டம் காக்காத பிழைகள்

பட்டம் வந்தமையாற் பிழைகள் ஒழிந்தனவா? ஒழியவில்லை. உளப்பிளவு நோய்க்குத் தாயின் நடத்தையே காரணமென்ற கருத்து 1940களின் பின் பரவலாக நிலவியது. குடும்ப உளச்சிகிச்சையின் முன்னோடிகள் சிலரும் அதன் நிழலிலிருந்து விடுபடவில்லை. பிற்கால ஆய்வுகள் அதனை ஆதரிக்கவில்லை. நோயுற்ற மகனையோ மகளையோ வைத்துக்கொண்டு துன்புற்ற தாய்மார் குற்றச்சாட்டினையும் சேர்த்துச் சுமந்தனர்.

அன்றியும் குடும்பத்தை ஓர் ஒழுங்கமைப்பாக நோக்கிய கோட்பாடு, அதன் உறுப்பினர் யாவரையும் சமபங்காளராகக் கண்டது. அடிக்கும் கணவனும் அடிபடும் மனைவியும் ஒரே வட்டத்தின் இரு புள்ளிகளாயினர். 1978 இல் றேச்சல் ஹெயர்-மஸ்ரின் எழுதிய பெண்ணிலைவாதக் கட்டுரை, குடும்பத்தினுள் அதிகாரம் சமமாகப் பகிரப்படவில்லை என்பதையும் அதனைக் காணாத சிகிச்சை நடுநிலையானது அன்று என்பதையும் எடுத்துக்காட்டியது. பெற்றி காட்டர், பெகி பாப், ஒல்கா சில்வர்ஸ்ரீன், மரியான் வோல்ற்றர்ஸ் ஆகிய நால்வரும் 1977 முதல் இவ்விடயத்தில் இணைந்து உழைத்தனர். இதன் பயனாகப் பால்நிலை, இனம், பண்பாடு, குடும்ப வன்முறை என்பன பாடத்திட்டத்தினுட் புகுந்தன. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்விமர்சனம் எழுந்ததும் பரவியதும் இத்துறையின் சஞ்சிகைகளிலும் பயிற்சி நிலையங்களிலுமே. பட்டம் பிழையைத் தடுக்கவில்லை. ஆயின் பிழையைப் பிழையென வாதிட ஒரு பொதுக்களத்தை அமைத்தது. பொப்பினோவின் அறையில் அத்தகைய களம் இருக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ‘எந்த உரிமையாற் பேசுகின்றாய்?’ என்ற வினாவுக்கு மூன்று விடைகள் அடுத்தடுத்து அளிக்கப்பட்டமை தெரியவரும். யான் அறிவியலை அறிவேன் என்பது முதல் விடை. அது இனமேம்பாட்டியலின் முகமூடியாதல் கூடுமென வரலாறு காட்டிற்று. யான் பட்டமும் அனுமதியும் பெற்றுள்ளேன் என்பது இரண்டாவது விடை. அது போலிகளை விலக்கிற்று. அதனோடு, அயலவரின் துயரை நன்கறிந்த பட்டமில்லாதாரையும் விலக்கிற்று. யான் பணியாற்றுங்கால் என்னைப் பிறர் பார்க்க இசைந்தேன், என் பிழையைப் பிறர் சுட்டக் கேட்டேன் என்பது மூன்றாவது விடை. பயிற்சியின் உயிர்நிலை இம்மூன்றாவது விடையிலேயே உள்ளதென்பது எமது துணிபு. பட்டம் அதன் புறவோடு. ஓடின்றி வித்து நிலைத்தல் அரிதே; ஆயின் ஓட்டினை வித்தென மயங்குதல் பெருந்தவறாகும்.

இம்மயக்கம் ஆலோசகர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர், மருத்துவர், நிருவாகி எனப் பிறர் வாழ்வைத் தொடும் தொழில்களை நோக்கிப் பட்டத்துடன் வெளியேறவிருக்கும் எம் ஒவ்வொருவர்க்கும் உரியது. நாம் எழுதிய விடைத்தாள்களைப் பிறர் திருத்தினர். நாம் மனிதரோடு நடந்துகொள்ளும் முறையினை எவர் அருகிருந்து பார்த்துத் திருத்தினர்? இவ்வினாவுக்கு விடை கூற இயலாத கல்வி, சான்றிதழ் எத்துணைச் சிறந்ததாயினும், முழுமையுற்ற கல்வியாகாது. பழைய வாயில்களை அவர்தம் ஊரார் அறிந்திருந்தனர். அவர்தம் சொல்லையும் செயலையும் அன்றாடம் கண்டிருந்தனர். அறியா ஊரில் அறியாதவர் முன் கதவடைத்து அமரும் புதிய வாயிலுக்கு, அவ்வூராரின் கண்ணுக்கு ஈடாக ஒன்று வேண்டப்பட்டது. கண்ணாடிச் சுவர் அதற்கென எழுந்ததே.